கவுடுல்லவுக்கு யானை பார்க்கப் போகிறீர்களா? திருகோணமலையிலிருந்து வெளிக்கிடுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அவ்வளவு காசு கொடுத்துப் போனோம், ஒரு யானையைக்கூடக் காணவில்லை" என்று திரும்பி வந்து புலம்புகிற ஆக்கள் திருகோணமலையில் நிறைய. விசாரித்துப் பார்த்தால், அவர்கள் போன அன்று யானைகள் பக்கத்து வனத்தில் நின்றிருக்கும். இல்லாவிட்டால் அதே வனத்தில், இவர்கள் வெளியே வந்த பிறகு குளத்துக்கு இறங்கியிருக்கும். முதல்முறை போகிறவர்கள் இந்த இரண்டு பிழையையும் விடாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

1. எந்த வனம் என்பதைக் கடைசியாக முடிவெடுங்கள்

ஏ6 வீதியில் கந்தளாய் தாண்டி ஹபரணை நோக்கிப் போனால் மூன்று காடுகள் கிட்டக் கிட்ட இருக்கின்றன. கல்லோயா பக்கத்தில் கவுடுல்ல தேசிய வனம், ஹபரணையை நெருங்கும்போது ஹுருலு சூழல் பூங்கா, ஹபரணையிலிருந்து பொலன்னறுவை வீதியில் திரும்பினால் மின்னேரியா தேசிய வனம். மின்னேரியா 1997இலும் கவுடுல்ல 2002இலும் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டவை. எல்லைக்கோடு நமக்குத்தான். ஒரே யானைக் கூட்டம் மூன்றிலும் மாறி மாறித் திரிகிறது.

அவை எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது குளத்து நீர்மட்டம். கவுடுல்ல, மின்னேரியா இரண்டும் மகாசேன மன்னன் காலத்துப் பெருங்குளங்கள். ஆழம் குறைவு, பரப்பு அதிகம். ஆனி, ஆடியில் வெயில் ஏறத் தண்ணீர் உள்ளே வாங்கும். வாங்கின இடமெல்லாம் ஈரச் சேற்றில் இளம்புல் முளைக்கும். காட்டுக்குள் எல்லாம் காய்ந்து கிடக்கிற நேரத்தில் அந்தப் புல்லுக்காகத்தான் யானைகள் வெளியே வருகின்றன.

பழைய கணக்கு இப்படி: ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியா, செப்டம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை கவுடுல்ல, மாரி தொடங்கிக் குளங்கள் நிரம்பியதும் ஹுருலு. ஆனால் மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு இந்தக் கணக்கு அடிக்கடி பிழைக்கிறது. அங்கிருந்து திறந்துவிடுகிற தண்ணீர் மின்னேரியாவுக்கு வருவதால், கோடையிலும் சில வருடங்களில் குளம் நிறைந்து நிற்கும். குளம் நிறைந்தால் புல் தண்ணீருக்குள். புல் இல்லாத இடத்தில் யானைக்கு வேலை இல்லை, அது கவுடுல்லப் பக்கம் நடந்துவிடும். "ஆகஸ்ட் என்றால் மின்னேரியாதான்" என்று ஒரு மாதத்துக்கு முன்பே முழுக் காசையும் கட்டி வைப்பவர்கள் மாட்டுப்படுவது இதில்தான்.

ஆகவே திகதியை மட்டும் முடிவு செய்யுங்கள். இடத்தை, போகிற அன்று காலையில் ஜீப்காரருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள். கேள்வியும் முக்கியம். "யானை பார்க்கலாமா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "ஓம்"தான். "நேற்றுப் பின்னேரம் எந்த வனத்தில் நின்றது, குளத்தில் தண்ணீர் எவ்வளவு?" என்று கேளுங்கள். முடிந்தால் ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேரிடம் கேளுங்கள்.

திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்குக் கவுடுல்லதான் கிட்ட. இரண்டிலும் யானை நிற்கிறது என்றால் யோசிக்காமல் கவுடுல்லவுக்குப் போங்கள். மின்னேரியாவுக்குப் போக வர ஐம்பது கிலோமீற்றர் வரை கூடும், ஜீப் நெரிசலும் அங்கேதான் அதிகம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை நமக்கு வடகீழ்ப் பருவமழை. அந்த நாட்களில் பாதை சேறு, குளம் நிறைய, யானை காட்டுக்குள். விருந்தாளி வேறு நாளில் வர முடியாது என்றால் ஹுருலுவைக் கேட்டுப் பாருங்கள். மற்றப்படி அந்த மாதங்களில் போய்க் காசைக் கொட்ட வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

பெரியவர்கள் எல்லோருக்கும் தேசிய அடையாள அட்டை. குடும்பத் தலைவரின் அட்டை ஒன்று போதும் என்று நினைத்து வராதீர்கள். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் டிக்கெட் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. அதனால் கவுண்டரில் அட்டை கேட்பார்கள்.

பெரிய பொறி வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் விஷயத்தில். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா மூதூரில் பிறந்திருக்கலாம், நம்மைவிட நல்ல தமிழ் கதைக்கலாம். கையில் இருப்பது கனடியக் கடவுச்சீட்டு மட்டும் என்றால் அவருக்கு வெளிநாட்டவர் டிக்கெட்தான். இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர்கள் இலங்கை அடையாள அட்டையையோ இலங்கைக் கடவுச்சீட்டையோ மறக்காமல் கொண்டு வர வேண்டும், போனில் எடுத்த படம் அல்ல, அசல். வானில் பத்துப் பேர் போய் அதில் நாலு பேர் வெளிநாட்டவர் என்றால், அந்த நாலு டிக்கெட்டும் மற்ற ஆறு டிக்கெட்டையும் சேர்த்ததைவிடக் கூட வரும். இதை வீட்டிலேயே கதைத்து முடித்துவிடுங்கள். வாசலில் வைத்து யார் கொடுப்பது என்று பார்த்தால் மனத்தாங்கல்தான் மிச்சம்.

பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள் சலுகை எதிர்பார்த்தால், அதிபரின் கடிதத்தோடு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு நேரகாலத்தோடு எழுதி, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு போங்கள்.

3. காசுக் கணக்கு

நிலாவெளியில் புறாத் தீவுக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்கு இது பழக்கமாக இருக்கும். அதே திணைக்களம், அதே முறை. பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் டிக்கெட் விலை மட்டுமே முழுச் செலவு அல்ல. ஆளுக்கான டிக்கெட், குழுவுக்கான சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், இதற்கெல்லாம் மேலே வற் வரி. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம், அதாவது ஆயிரம் ரூபாய்க்கு 180 ரூபாய். விலைகள் திருத்தப்படுவதுண்டு, போகிற வாரத்து விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேவைக் கட்டணமும் வாகனக் கட்டணமும் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுவதில்லை. இரண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் ஒரு ஜீப்புக்கு ஒரே தொகை. அதனால் தனியாகவோ சோடியாகவோ போகிறவர்களுக்குத்தான் ஆளுக்கு விழுகிற செலவு அதிகம். ஒரு ஜீப்பின் பின்பக்கம் ஆறு பேர் வசதியாக இருக்கலாம். ஏழாவது ஆளை ஏற்றினால் நடுவில் இருப்பவர் மூன்று மணித்தியாலமும் மற்றவர்களின் முதுகைத்தான் பார்ப்பார்.

ஜீப் வாடகை இதில் சேராது. அது தனி, அது பேரம்.

திருகோணமலையிலிருந்து வான் பிடித்தால் போக வர 150 முதல் 160 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வானுக்குப் பதினாறு லீற்றர். வான்காரர் சொல்லும் விலை நியாயமா என்று பார்க்க இந்தக் கணக்கு உதவும். காத்திருக்கும் நேரத்துக்கும் சாரதியின் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாரா என்று முதலே கேளுங்கள்.

காசைத் தாளாகவே கொண்டு போங்கள், ஐந்நூறும் ஆயிரமும் மாற்றியபடி. வாசலில் கார்ட் எடுப்பார்கள் என்று நம்பிப் போகவேண்டாம். கடைசியாகக் காசெடுக்க வசதியான இடம் கந்தளாய்.

4. ஜீப் பேசுவது

காரும் வானும் வனத்துக்குள் போகாது. குளத்தின் ஓரம் சேறு, காட்டுப் பாதை பள்ளம். வானை வாசலிலோ ஜீப் நிற்கும் சந்தியிலோ விட்டுவிட்டு ஜீப்பில் ஏறுவதுதான் முறை. நாலு சில்லும் இழுக்கிற உயரமான வாகனம் சொந்தமாக இருந்தால், அதைக் கொண்டு போக விடுவார்களா என்பதை டிக்கெட் எடுக்க முதல் கேளுங்கள்.

ஹோட்டலில் "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சொல்லும் விலையில் டிக்கெட் எவ்வளவு, ஜீப் எவ்வளவு, போக்குவரத்து எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல மறுப்பவரிடம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். டிக்கெட்டை நீங்களே கவுண்டருக்குப் போய் எடுப்பது நல்லது. சாரதி எடுத்துத் தருவதாக இருந்தால் பற்றுச்சீட்டை வாங்கி, அதில் உள்ள ஆள் எண்ணிக்கையும் உங்கள் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள்.

வீதியில் மறித்து, "கவுடுல்ல இன்றைக்குப் பூட்டு, வேறு இடம் காட்டுகிறேன்" என்று சொல்பவர்களும் உண்டு. வாசலுக்குப் போய்ப் பார்க்காமல் நம்பாதீர்கள். ஹுருலு நல்ல இடம்தான். ஆனால் அது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருவது, டிக்கெட்டும் வேறு. ஒன்றின் விலையை வாங்கிக்கொண்டு மற்றதற்குக் கூட்டிப் போகிற விளையாட்டு இதில்தான் நடக்கிறது.

பேரம் முடிகிறபோது மூன்று விஷயத்தை வாயால் சொல்லிவிடுங்கள்: உள்ளே மூன்று மணித்தியாலம் நிற்க வேண்டும், யானைக்குக் கிட்டக் கொண்டு போக வேண்டாம், நிற்கும்போது எஞ்சினை நிறுத்த வேண்டும். இரண்டாவது வினோதமாகத் தெரியலாம். நாம் நல்ல டிப்ஸ் தருவோம் என்று நினைத்துத்தான் சாரதி வாகனத்தை யானையின் முகத்துக்கு நேரே கொண்டு போய் நிறுத்துகிறார். கிட்டப் போனால்தான் வாடிக்கையாளருக்குச் சந்தோஷம் என்று அவருக்குப் பழக்கியது நாங்கள்தான்.

சாரதிகளில் அநேகருக்குச் சிங்களம்தான் வசதி. கைவசம் நாலு சொல் இருக்கட்டும். "ஹெமின் யமு" என்றால் மெதுவாகப் போவோம். "எஞ்ஜிம நவத்தன்ன" என்றால் எஞ்சினை நிறுத்துங்கள். "லங் கரன்ன எபா" என்றால் கிட்டக் கொண்டு போகாதீர்கள். "அலியா" யானை, "வெவ" குளம்.

5. எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது

வனம் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். யானைக்காகப் போகிறவர்களுக்குக் காலை நேரம் உதவாது. பகல் முழுக்க அவை நிழலில், பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காட்டுக்குள் ஒதுங்கியிருக்கும். வெயில் சாயத் தொடங்கியதும், மூன்றரை மணியளவிலிருந்து, ஒவ்வொரு குடும்பமாக வெளிக்குள் இறங்கும். பறவை பார்க்கிறவர்களுக்கு எதிர்மாறு. அவர்கள் விடியவே உள்ளே போக வேண்டும்.

பின்னேரத்துக்கான கணக்கு இது. திருகோணமலையிலிருந்து பகல் 11 மணிக்கு வெளிக்கிடுங்கள். தம்பலகாமம் சந்தி, முள்ளிப்பொத்தானை தாண்டிக் கந்தளாய்க்கு நாற்பது கிலோமீற்றர். அங்கே சாப்பாட்டை முடித்து, கழிவறைக்கும் போய்விட்டு, அக்போபுர வழியாகக் கல்லோயா பக்கம் போக ஒன்றரை மணியாகிவிடும். ஹத்தரஸ்கொட்டுவ சந்தியில் திரும்பி வாசலுக்குப் போய் டிக்கெட் எடுத்து, இரண்டரைக்கு உள்ளே. மூன்று மணிக்குப் பிறகு வந்தால் கவுண்டரில் வரிசை. விடுமுறை நாட்களில் வரிசையிலேயே அரை மணித்தியாலம் போய்விடும். போயாவோடு சேர்ந்து வருகிற நீண்ட வாரக்கடைசியைத் தவிருங்கள். செவ்வாயும் புதனும் அமைதியான நாட்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் கண்டி பஸ்ஸிலோ கொழும்பு பஸ்ஸிலோ ஏறலாம், எல்லாம் அந்த வீதியால்தான் போகும். போவது சுலபம், திரும்புவதுதான் கஷ்டம். ஆறு மணிக்கு வெளியே வந்து, இருட்டில், யானை கடக்கிற சந்தியில் நின்று பஸ் மறிப்பது புத்தியான வேலை அல்ல. பஸ் பயணக்காரர்கள் ஹபரணையில் ஓர் இரவு தங்குவதாகத் திட்டம் போடுங்கள். மோட்டார் சைக்கிளில் போய் இரவில் திரும்பும் யோசனையே வேண்டாம்.

6. பையில் என்ன, வீட்டில் என்ன

தொப்பி, தலையோடு முகத்தையும் சுற்றிக்கட்ட ஒரு பருத்தித் துணி (முன்னால் போகிற ஜீப்பின் புழுதி முழுக்க உங்கள் மேல்தான்), ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், திரும்பக் கழுவிப் பாவிக்கக்கூடிய போத்தலில். பொலித்தீன் பை வேண்டாம். சாப்பாட்டுப் பார்சலையும் உள்ளே கொண்டு போகாதீர்கள். சோற்று மணமும் குரங்கும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கோணேசர் கோயிலடி மான்களுக்குப் பழம் கொடுத்துப் பழகியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தொலைநோக்கி ஒன்று இருந்தால் இரவல் வாங்கியாவது கொண்டு போங்கள். 8×42 என்று போட்டிருக்கும் வகை ஆடும் ஜீப்பிலும் பிடிக்கலாம். அதைவிடப் பெரிதாக்கினால் கை நடுக்கமும் பெரிதாகும். போன் கமராவில் யானை தீப்பெட்டி அளவுதான் விழும். ட்ரோனை வீட்டில் வையுங்கள். அனுமதி இல்லாமல் வனத்துக்குள் பறக்கவிடுவது குற்றம்.

உடுப்பு மங்கிய பச்சை, மண் நிறம். வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். கர்ப்பிணிகளையும் நாரி நோ உள்ளவர்களையும் பின் இருக்கையில் ஏற்றாதீர்கள். அம்மம்மா கட்டாயம் வரத்தான் வேண்டும் என்றால் சாரதிக்குப் பக்கத்து இருக்கை அவருக்கு. வனத்துக்குள் கழிவறை கிடையாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளை வாசலிலேயே கூட்டிப் போய் வாருங்கள்.

7. உள்ளே

இறங்க அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது, போட்டோவுக்காக ஒரு காலைக்கூடக் கீழே வைக்கக் கூடாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வெறும் பலகை எழுத்து அல்ல.

காட்டுப் பாதையைக் கடந்து குளத்து வெளிக்கு வந்ததும் எல்லா ஜீப்பும் ஒரே கூட்டத்தை நோக்கி ஓடும். நீங்கள் ஓட வேண்டாம். தள்ளி, காட்டு ஓரத்தைப் பார்த்தபடி ஓரிடத்தில் எஞ்சினை நிறுத்திக் காத்திருங்கள். இருபது நிமிடத்தில் அடுத்த குடும்பம் அந்த ஓரத்தால் வரும். துரத்திப் போகிற ஜீப்புக்கு யானையின் பின்புறம்தான் தெரியும்.

நின்று பார்த்தால்தான் அது புல் தின்னுகிற விதம் தெரியும். முன்காலின் நகத்தால் புல்லடியைத் தட்டித் தட்டி இளக்கும். தும்பிக்கையால் ஒரு பிடி சுற்றி இழுக்கும். உடனே வாயில் வைக்காது. முழங்காலில் இரண்டு மூன்று தரம் அடித்து மண்ணை உதறிவிட்டுத்தான் வைக்கும். பக்கத்தில் நிற்கும் குட்டிக்கு அந்த வித்தை இன்னும் பிடிபட்டிருக்காது, புல்லைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கும்.

கொம்பன் யானையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இலங்கையில் ஆண் யானைகளிலேயே தந்தம் உள்ளவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

எப்போது விலக வேண்டும்? காதை விரித்து உங்களை நேராகப் பார்த்து நின்றால், தலையை ஆட்டினால், வாலை விறைப்பாகத் தூக்கினால், மண்ணை அள்ளி உங்கள் பக்கம் எறிந்தால், "போ" என்றுதான் சொல்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஈரமாக ஒழுகியிருக்கும் தனி ஆண் என்றால் மதநீர். அது எவ்வளவு அமைதியாக நின்றாலும் தூரம்தான் பாதுகாப்பு. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் ஜீப் போகவே கூடாது. யானை அடியெடுத்து வரும்போது கூச்சல் போட்டால் நிலைமை மோசமாகும். பிள்ளைகளுக்கு இதை வானிலேயே சொல்லி வையுங்கள்.

யானை மட்டும்தான் என்று கண்ணைக் குறுக்காதீர்கள். தண்ணீர் ஓரத்தில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், சேற்றில் கட்டை மாதிரிக் கிடக்கும் முதலை, எருமை, புள்ளிமான், மரை எல்லாம் உண்டு. சிறுத்தையும் கரடியும் இந்தக் காடுகளில் இருக்கின்றன, ஆனால் ஒரு பின்னேரப் பயணத்தில் காண்பது அபூர்வம். காட்டுவதாக வாக்குத் தருபவரிடம் அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

8. திரும்பும் வீதி

ஐந்தரைக்கு வாசலை நோக்கித் திரும்பச் சொல்லுங்கள். ஆறரைக்கு ஏ6இல் ஏறும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் யானை வீதியைக் கடக்கிற நேரம் அது. கறுத்த வீதியில் சாம்பல் நிற உடம்பு, கண் மினுங்கவும் மாட்டாது. நாற்பதுக்கு மேல் ஓட வேண்டாம் என்று சாரதியிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். முன்னால் வாகனங்கள் காரணமில்லாமல் நிற்கின்றன என்றால் முந்தாதீர்கள், காரணம் இருக்கும். வீதியில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் வேண்டாம், லைட்டை அடித்து அடித்து அணைக்க வேண்டாம், பின்னுக்கு எடுக்க இடம் விட்டு நில்லுங்கள். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே எடுக்காதீர்கள். அது குடும்பமாக இருந்தால் பின்னால் இன்னும் வரும்.

வீதியோரம் பழத்துக்காகக் காத்து நிற்கும் தனியன்களும் உண்டு. வாழைப்பழம் எறிகிற ஒவ்வொரு வாகனமும் அடுத்த வாகனத்தை மறிக்க அதற்குப் பழக்குகிறது. தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்றாலும் இடையில் இறங்காதீர்கள், கந்தளாய் டவுன் வரட்டும்.